இரு பருவமழைகளுக்கு நடுவே கொழும்பு: செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் வருவோருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்புக்கு எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்குத் தையிலோ மாசியிலோ வரும்படிதான் பலரும் சொல்வார்கள். அந்த மாதங்களில் வானம் வெளுத்திருப்பதும் கடல் அடங்கியிருப்பதும் உண்மைதான். ஆனாலும் பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, விமானச் சீட்டின் விலை ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தை மாதத்திலேயே ஒத்து வருவதில்லை. ஆவணி நடுப்பகுதியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரையான நாட்களில் வருபவர்கள், ஒரு நாளின் நேரங்களை மழைக்கு ஏற்றபடி அடுக்கத் தெரிந்திருந்தால், இந்த நகரத்தை அதன் ஆறு, கடல், கோவில், சந்தை என எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிறைவாகப் பார்த்துவிடலாம். அப்படி அடுக்கும் முறையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: மழையின் போக்கைப் புரிந்துகொள்ளுதல்

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரை வீசுகிறது. அதன் பின் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்ளும் வரை, ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக் காலமாக அமைகின்றன. நீண்டகாலச் சராசரியின்படி கொழும்பில் ஓகஸ்டில் ஏறத்தாழ 120 மில்லிமீற்றரும், செப்டம்பரில் 245 மில்லிமீற்றரும், ஒக்டோபரில் 365 மில்லிமீற்றரும் மழை பெய்கிறது. ஆகவே மழையைத் தவிர்ப்பதே உங்கள் முதல் நோக்கமானால் செப்டம்பரின் முற்பகுதியைத் தெரிவு செய்யுங்கள். கோவில் விழாக்களையும் தெளிந்த காலை வேளைகளையும் விரும்பினால் செப்டம்பர் பிற்பகுதியும் ஒக்டோபர் முற்பகுதியும் பொருத்தமானவை.

மழையின் அளவைக் காட்டிலும் அது வரும் விதமே பயணிக்கு முக்கியம். செப்டம்பரில் பெய்யும் மழையைக் கடற்காற்று தள்ளிக்கொண்டு வரும். எந்த நேரத்திலும் சடசடவென்று கொட்டிவிட்டு அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். ஒக்டோபர் மழையின் குணம் வேறு. காலையில் வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லாமல் வெயில் காயும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று உள்ளே புகுந்து, சூடேறிய நிலத்தின் மேல் முகில்களைத் திரட்டும். பிற்பகலிலோ மாலையிலோ இடியும் மின்னலும் சேர்ந்து இறங்கும். பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸ் அளவிலும் இரவு வெப்பம் 25 பாகை அளவிலும் நிற்பதால் குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஈரப்பதம் உடலைச் சோர வைக்கும். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: செப்டம்பர் முதல் வாரத்தில் நண்பகற் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களில் பதினொரு மணிக்குப் பின் காலி முகத்திடல் போன்ற திறந்த வெளிகளில் ஒதுங்க நிழல் கிடைக்காது.

இவற்றிலிருந்து நாளின் ஒழுங்கு தானாகவே வருகிறது. காலை ஆறு மணியிலிருந்து பத்தரை வரை வெளியிடங்கள்; நண்பகல் முதல் நான்கு மணி வரை கூரையுள்ள இடங்கள்; மழை விட்ட பிறகு கடற்கரை. சூரிய உதயமும் மறைவும் இந்நாட்களில் ஏறக்குறைய ஆறு மணிக்கு நிகழ்வதால் இந்தக் கணக்கு எளிதாகப் பொருந்தும்.

இரண்டாம் படி: நாட்காட்டியைப் பார்த்துத் திகதி குறித்தல்

ஒவ்வொரு பௌர்ணமி தினமும் இலங்கையில் பொது விடுமுறை. அன்று மதுவிற்பனை இருக்காது, இறைச்சிக் கடைகள் மூடப்படும், பல அலுவலகங்களும் கடைகளும் இயங்கா. விகாரைகள் நிறைந்திருக்கும் அந்த நாளில் களனி ரஜமகா விகாரைக்குப் போவது ஒரு தனி அனுபவம். சந்தைப் பகுதியான புறக்கோட்டைக்குப் போவதோ வீண் அலைச்சல். ஞாயிற்றுக்கிழமைகளிலும் புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பதற்காகக் கோவில்களில் காலையிலேயே வரிசை நீளும். நவராத்திரி செப்டம்பர் கடைசிப் பகுதியிலோ ஒக்டோபரிலோ வரும். அந்த மாலைகளில் வெள்ளவத்தை மயூராபதி அம்மன் கோவிலுக்குப் போய்வருவதை வலியுறுத்திச் சொல்வேன். கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் வழமையாக இந்தப் பருவத்தில்தான் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும். திகதியை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் ஒரு மழைப் பிற்பகலை அங்கே பயனுள்ளதாகக் கழிக்கலாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிலும் செட்டியார் தெரு நகைக் கடைகளிலும் கால் வைக்க இடமிருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாம் படி: தங்குமிடமும் வந்து சேரும் வழியும்

முதல் முறை வருபவர்கள் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தங்குவது நல்லது. தமிழில் பேசியே எல்லாக் காரியங்களையும் முடித்துக்கொள்ளலாம். சைவ உணவகங்கள் நடக்கும் தூரத்தில் உள்ளன. ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் ரயில் பாதையும் கடலும். நகரின் வடபகுதியை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கொட்டாஞ்சேனை வசதியானது. தொடர்மாடியில் நாள் வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் கடலைப் பார்த்த அறைக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் செப்டம்பரில் மேற்குக் காற்று மழையைச் சன்னலின் மேல் நேராக அடிக்கும். சட்டத்தின் அடி இடுக்கு வழியே நீர் கசிந்து, கட்டிலுக்கு அருகே துணியைச் சுருட்டி வைக்க வேண்டிய நிலை வரும். சன்னல் இறுக்கமாக மூடுகிறதா, நுளம்பு வலை இருக்கிறதா, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் புறப்படுமுன்னரே இணையவழிப் பயண அனுமதியைப் பெற்றுக்கொள்வது நல்லது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து 2013 இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் வந்தால், ஏறத்தாழ 26 கிலோமீற்றர் கடந்ததும் பேலியகொடையில் களனி கங்கையின் வடகரைக்கு வந்துவிடுவீர்கள். செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கு 187 இலக்க பஸ் நகர மையத்திலுள்ள கோட்டைப் பகுதிக்குப் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவுச் சொகுசு பஸ்களில் பல வெள்ளவத்தை வரை வருகின்றன; அவை விடியுமுன்பே வந்துவிடுவதால், அந்த நேரத்தில் அறை கிடைக்குமா என்பதை முதல் நாளே உறுதிப்படுத்துங்கள்.

நகருக்குள் காலி வீதி நெடுக 100, 101 இலக்க பஸ்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. முச்சக்கர வண்டியைத் தெருவில் மறித்துப் பேரம் பேசுவதை விட, பிக்மீ, ஊபர் போன்ற செயலிகளில் அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும். மழை தொடங்கிய மறுநிமிடமே வண்டிகள் கிடைப்பது அரிதாகிவிடும் என்பதால், வானம் கறுக்கும்போதே அழைத்துவிடுவது புத்தி.

நான்காம் படி: ஆற்றிலிருந்து தொடங்குதல்

கொழும்புக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் களனி கங்கையைப் பாலத்தின் மேலிருந்து ஒரு கணம் பார்த்ததோடு சரி. இந்த நகரம் இங்கே அமைந்ததற்கும், இன்றும் குழாயைத் திறந்தால் நீர் வருவதற்கும் அந்த ஆறு ஒரு முதன்மைக் காரணமாக இருக்கும்போது அதைப் பாராமல் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. மலையகத்தில் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுசேர்ந்து உருவாகும் களனி கங்கை, சிவனொளிபாதமலைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அருகே கடலில் கலக்கிறது. மலையகத் தோட்டங்களில் பெய்த மழைதான் இரண்டொரு நாளில் கொழும்பின் வடகோடியைத் தாண்டிச் செல்கிறது.

முதல் நாள் காலை ஆறரைக்குள் மட்டக்குளி காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். முந்திய இரவு மலையில் நல்ல மழை என்றால் ஆறு பால் தேநீரின் நிறத்தில் வரும். அது கடலின் பச்சையோடு உடனே கலந்துவிடாமல், இரு நிறங்களுக்கும் நடுவே ஒரு கோடு வெகுதூரம் நெளிந்து கிடக்கும். வேரோடு பெயர்ந்த ஆகாயத்தாமரைத் திட்டுகள் அந்தக் கோட்டை அடைந்ததும் நின்று, அலை தள்ளத் தள்ள மெதுவாகச் சுழலும். சில வேளைகளில் ஒரு கொக்கு அதன் மேல் நின்றபடியே பயணம் செய்யும். மீன்பிடிப் படகுகள் திரும்பும் நேரமும் அதுவே. ஆறு கொண்டுவரும் பிளாஸ்டிக் குப்பைகளும் கண்ணில் படும். அதைக் கண்டு மனம் வருந்தாதவர் இருக்க முடியாது. இந்த இடத்தில் நீரில் இறங்கக் கூடாது. ஆற்றின் இழுப்பும் கடலலையும் மோதுவதால் முழங்காலளவு நீர்கூட ஆபத்தானது.

ஆற்றின் வடகரையிலிருந்து நீர்கொழும்பு நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாய், ஆங்கிலேயர் காலத்தில் 1804 இல் வெட்டி முடிக்கப்பட்டது. வத்தளைப் பக்கம் போகும் அலுவல் இருந்தால் அதையும் எட்டிப் பார்க்கலாம். அதற்காகவே தனியாகச் செல்லத் தேவையில்லை.

எட்டு மணியளவில் தெற்கு நோக்கித் திரும்பினால் கொச்சிக்கடைக்கு வரலாம். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பி, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் இங்கே உள்ளது. வெளியே வெயில் சுட்டாலும் அதன் கருங்கல் மண்டபத்தில் தரை குளிர்ந்திருக்கும். தூண்களின் சிற்பங்களை எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பார்க்கக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். இங்குள்ள பல சைவக் கோவில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். நண்பகலுக்கு முன் நடை சாத்தப்படுவதால் காலையிலேயே போக வேண்டும். நடந்து போகும் தூரத்திலேயே புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான ஆலயம் இது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பதைப் பார்க்கலாம். அங்கே அமைதியாக நின்றுவிட்டு வர வேண்டும். வழிபடுவோரைப் படம் பிடிக்க வேண்டாம். சற்று மேட்டில், ஒல்லாந்தர் 1757 இல் கட்டி முடித்த வுல்பெண்டல் தேவாலயம் இருக்கிறது.

பிறகு செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டைக்குள் இறங்குங்கள். ஆடிவேல் விழா ஊர்வலம் புறப்படும் கதிரேசன் கோவில்கள் இரண்டும் இத்தெருவிலேயே நகைக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. புறக்கோட்டையில் தெருவுக்குத் தெரு சரக்கு மாறும்: கெய்சர் வீதியில் துணி, ஐந்தாம் குறுக்குத் தெருவில் பலசரக்கு, கபோஸ் ஒழுங்கையில் ஆயுர்வேத மருந்துச் சரக்கு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை நண்பகல் தவிர்ந்த நேரத்தில், தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லுங்கள். பதினொரு மணியைத் தாண்டினால் சுமை தூக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டிகளும் லொறிகளும் தெருவை அடைத்துவிடும். அதற்கு முன் ஒரு செவ்விளநீரைக் குடித்துவிட்டு வெளியேறிவிடுவது நல்லது.

களனி ரஜமகா விகாரைக்கு வேறொரு காலையையோ பௌர்ணமி தினத்தையோ ஒதுக்குங்கள். புத்தர் எழுந்தருளியதாகப் பௌத்தர்கள் போற்றும் இத்தலத்தில் 20ஆம் நூற்றாண்டில் சோலியஸ் மெண்டிஸ் வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. மெல்லிய மங்கலான வண்ணங்களில் நீண்டு செல்லும் அந்த உருவங்களை ஆறுதலாகப் பார்த்தால்தான் அவற்றின் நேர்த்தி புரியும். களனியின் காவல் தெய்வமாக விபீஷணர் வணங்கப்படுவதால், இராமாயணம் அறிந்த நம் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லலாம். வெள்ளை உடை உடுத்துவதே அங்குள்ள மரபு. வழிபாடு முடிந்த பின் சிறிது தூரம் நடந்தால் ஆற்றங்கரை.

ஐந்தாம் படி: நண்பகலும் மழை நேரமும்

கறுவாத்தோட்டப் பகுதியில் 1877 இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம் இந்நேரத்துக்கு மிகப் பொருத்தமானது. கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். தமிழ் வாசகர்கள் முதலில் தேட வேண்டியது காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டை. சீனக் கடற்றளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில், சீன மொழிப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி இந்துத் தெய்வமான தெனவரை நாயனாரையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. இந்தக் கடலின் வணிகத்தில் தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதற்குக் கையால் தொடும் தூரத்தில் ஒரு சான்று அது. தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் முதலான வெண்கலப் படிமங்களும் அங்கு உள்ளன. இரண்டு மணித்தியாலமாவது வேண்டும்.

வெள்ளவத்தையிலேயே மழை பிடித்துக்கொண்டால், 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அருகிலேயே இருக்கின்றன. மழை நேரத்துத் தேநீருக்குத் தனி அழைப்பிதழ் வேண்டியதில்லை: இஞ்சி போட்ட பிளேன்டீயும் சுடச்சுட உழுந்து வடையும் எந்தச் சைவக் கடையிலும் நான்கு மணிக்குக் கிடைக்கும். காலைக்கு இடியப்பம், சொதி, சம்பல். இரவுக்குப் பிட்டோ கொத்துரொட்டியோ. ரம்புட்டான் பருவம் முடியும் தறுவாயில் செப்டம்பர் தொடக்கத்தில் வந்தீர்களானால் தெருவோரக் குவியல்களில் கடைசிக் காய்களை வாங்கலாம்.

ஆறாம் படி: மாலைக் கடல்

கோட்டையிலிருந்து புறப்படும் ரயில் பாதை, கொள்ளுப்பிட்டி முதல் கல்கிசை வரை கடலை ஒட்டியே செல்கிறது. தெற்கே போகும்போது வலப்பக்கச் சன்னலில் உட்காருங்கள். நாலரை மணிக்குப் பின் அலுவலகக் கூட்டம் ஏறிவிடும் என்பதால் அதற்கு முந்திய வண்டியே வசதி. பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் பாதைக்கும் பாறைகளுக்கும் இடையே சில அடி தூரம்தான். செப்டம்பர்க் கடலின் தூவானம் சன்னல் வழியே முகத்தில் படும். பாதையோரமாக நடப்பவர்களைப் பார்த்து நீங்களும் நடக்க முயல வேண்டாம்; அலையோசையில் வண்டி வரும் சத்தம் கேட்காது.

காலி முகத்திடல் 1859 இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் அமைந்த புற்றரை. மழை விட்ட மாலையில் பட்டம் விடும் சிறுவர்களும், இறால் வடையும் அன்னாசி அச்சாறும் விற்கும் வண்டிகளுமாக அது நிரம்பும். வடையை உங்கள் கண்முன் மீண்டும் பொரித்துத் தரச் சொல்லி வாங்குங்கள். செப்டம்பரில் அலை உயரமாகவே இருக்கும். கொழும்புக் கரையில் கடற்குளிப்பை நவம்பருக்குப் பிந்திய மாதங்களுக்கு விட்டுவிடுவதே சரி. கல்கிசையில் குளிப்பதானாலும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. இடி கேட்டவுடன் திடலை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். அந்தத் திறந்த வெளியில் குடை பிடித்து நிற்பது மின்னலை வரவழைப்பதற்கு ஒப்பாகும்.

350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரத்துக்கு ஏற விரும்புபவர்கள், கீழிருந்து பார்க்கும்போது அதன் உச்சி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சீட்டு வாங்குங்கள். பெருமழை ஓய்ந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பின் தூசு அடங்கி, துறைமுகமும் களனி முகமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

ஏழாம் படி: ஈரநிலங்களுக்கு ஒரு காலை

2018 ஒக்டோபரில் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் மரப்பாலங்களில் ஏழு மணிக்கு நடந்தால் நீருடும்பு, மீன்கொத்தி, தாழைக்கோழி ஆகியவற்றைக் காணாமல் வரமாட்டீர்கள். வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் இந்த மாதங்களில்தான் வந்திறங்கத் தொடங்குகின்றன. நாள் மிஞ்சினால் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தில் படகுப் பயணமும் போகலாம்.

பாதுகாப்பும் புறப்பாடும்

ஒக்டோபரில் தொடர்மழை என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிவித்தல்களோடு களனியின் நீர்மட்டத்தையும் பாருங்கள். கொழும்பில் அது நாகலகம் வீதி அளவுகோலில் அடிக்கணக்கில் அளக்கப்படுகிறது: 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியைத் தொட்டால் பெரு வெள்ளம். 2016 மே மாத வெள்ளத்தில் களனிக் கரையோரக் குடியிருப்புகள் பட்ட துயரத்தை இவ்வூரார் மறக்கவில்லை. எனவே மட்டம் ஏறும் நாட்களில் ஆற்றுப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். தெருவில் நீர் தேங்கினால் மூடியில்லாத வடிகால்கள் கண்ணுக்குத் தெரியாது. நடைபாதையின் உட்பக்கமாகவே நடக்க வேண்டும். வழுக்காத அடியுள்ள செருப்பு, மடக்குக் குடை, தொலைபேசிக்கு நீர் புகாத உறை ஆகியவை போதும். மழையங்கி இந்தப் புழுக்கத்தில் வேர்வையில் நனைக்கும். டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு, மழையோடு கூடும். பகலிலும் நுளம்புத் தைலம் பூசுங்கள், காய்ச்சல் வந்தால் வைத்தியரைக் காணுமுன் அஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

திரும்பும் நாளில் மாலை விமானமானால் வெள்ளவத்தையிலிருந்து மூன்று மணிக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். பிற்பகல் மழையும் அலுவலகம் விடும் நேரமும் சேர்ந்துகொண்டால், பேலியகொடைக்குப் போய் அதிவேகப் பாதையில் ஏறுவதற்கே அதிவேகப் பாதைப் பயணத்தை விட நீண்ட நேரம் ஆகும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு இரவு வண்டிகளில் போகிறவர்கள் கோட்டைக்கு முச்சக்கர வண்டியை நம்பாமல் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ரயில் ஏறினால், மழையில் தெருக்கள் அடைத்துக் கிடந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.